மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்

உத்தியோகத்திலிருந்து விலகிய ஒருவரை ஈழத்துத் தமிழர் 'இளைப்பாறியவர்' என்று வழங்குவர். 'ஓய்வு பெற்றவர்' என்பதிலும் இச்சொல்லிற் கருணை அதிகம். நெடுந்தூரம் நடந்து களைத்த ஒருவன் ஆலமர நிழலில் அமர்ந்து களைப்பாறும் காட்சி இச்சொல்லினுள்ளே அடங்கியிருக்கின்றது. ஆனால், வழிநடந்தவன் இளைப்பாறுவது எதன்பொருட்டு? எழுந்து மேலும் நடப்பதன்பொருட்டே. எஞ்சிய நாளெல்லாம் மரநிழலிலேயே இருந்துவிடுவதற்காக எவனும் இளைப்பாறுவதில்லை. அறுபது வயதில் இளைப்பாறி எண்பது வயது வரை வாழும் ஒருவருக்கு இருபது ஆண்டுகள் மிஞ்சுகின்றன. பாலர் வகுப்பிலே சேர்ந்த பிள்ளை பட்டதாரியாகி வெளியேறுவதற்கும் அத்துணைக் காலம் வேண்டியதில்லை.

பிரியாவிடை வைபவம் நடைபெறுகின்றது. மாலையும் பொன்னாடையும் சுவர்க் கடிகாரமும் கிடைக்கின்றன. முதன் மாதம் இனிதாகவே கழியும். நெடுநாளாகப் பிரிந்துகிடந்த வேலியை அடைப்பதும், கூரை ஓட்டை மாற்றுவதும், மகள் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளோடு பத்து நாள் தங்குவதுமாக நாட்கள் போகும். அதன் பின்னரே இழந்தது இன்னதென்று தெரியவருகின்றது. இழந்தது சம்பளம் மாத்திரமன்று. காலையிலே தம்மை எதிர்பார்த்திருந்த மனிதரையும் அவர் இழந்துவிடுகின்றார். தபாலதிபராயிருந்தவரிடம் நாளுக்கு நூறு பேர் ஏதேனும் ஒன்றைக் கேட்டார்கள். மருத்துவமாதாக இருந்தவர் ஓர் ஊரின் பிள்ளைகள் யாவரையும் பெயர் சொல்லி அறிந்திருந்தார். அவர்களுடைய அறிவு எங்கும் போய்விடவில்லை. கேட்க வருபவர்தாம் இல்லை. இல்லத்தரசிக்கோ இளைப்பாறும் நாள் என்று ஒன்று குறிக்கப்படுவதேயில்லை. கடைசிப் பிள்ளை வீட்டைவிட்டுப் போகும் நாளில், அல்லது கணவனை இழக்கும் நாளில், பிரியாவிடையும் பொன்னாடையுமின்றி அவளுக்கு அது வந்து சேருகின்றது.

கேட்பாரற்றுப் போகும் இந்த அறிவை என்செய்வது என்ற கேள்விக்குப் பல தேசத்தார் பலவாறு விடைகண்டனர். ஐக்கிய அமெரிக்காவிலே, 1962 ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரத்து இளைப்பாறிய ஆசிரியர்கள் சிலர் அங்குள்ள உயர்கல்வி நிலையம் ஒன்றில் இடம்பெற்றுத் தமக்குத் தாமே வகுப்பு நடத்தத் தொடங்கினர். வாழ்நாளெல்லாம் வகுப்பிலே நின்றவர்களால் வகுப்பின்றி இருக்க முடியவில்லை போலும். ஆயினும், உலகெங்கும் பரவி ஓர் இயக்கமாக வளர்ந்தது பிரான்சு தேசத்தில் முளைத்த வித்தேயாகும்.

பிரான்சின் தென்பகுதியிலுள்ள துலூஸ் நகரில், 1973 ஆம் ஆண்டில், பியர் வெல்லாஸ் என்னும் பேராசிரியர் 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்ற ஒன்றை நிறுவினார். அவர் சர்வதேசச் சட்டம் கற்பித்தவர். முதுமை பற்றிய மருத்துவம் அவருடைய துறையன்று. 1968 ஆம் ஆண்டின் மாணவர் கிளர்ச்சிக்குப் பின் அந்நாட்டில் இயற்றப்பட்ட உயர்கல்விச் சட்டம், பல்கலைக்கழகங்கள் இளைஞருக்கு மாத்திரமன்றிச் சமுதாயத்தார் அனைவருக்கும் கடமைப்பட்டவை என்று வற்புறுத்தியது. அக்கடமையை வெல்லாஸ் முதியோரிடத்திலே செலுத்த எண்ணினார். அங்கே சேர்வதற்கு முற்படிப்போ சான்றிதழோ வேண்டியதில்லை. இளைப்பாறும் வயதை அடைந்தவர் எவரும் எளியதொரு படிவத்தை நிரப்பிச் சிறுதொகை கட்டினாற் போதும். பேராசிரியர்கள் வரலாறும் பொருளியலும் கலையும் எடுத்துரைப்பர். உடற்பயிற்சியும் சுற்றுலாவும் உண்டு. முதுமை பற்றிய ஆராய்ச்சியும் நடைபெறும். பரீட்சை மட்டும் கிடையாது.

இரண்டே ஆண்டுகளில் இம்முயற்சி எல்லை கடந்தது. 1975 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவிலும் இத்தாலியின் தூரின் நகரிலும் இத்தகைய நிலையங்கள் தோன்றின. இவற்றை இணைக்கும் சர்வதேசச் சங்கமும் அவ்வாண்டிலேயே உருவாயிற்று. போலந்தின் தலைநகராகிய வார்சோவிலும் அதே ஆண்டில் ஒன்று நிறுவப்பட்டது. அதனை நிறுவிய ஹலினா ஷ்வார்ட்ஸ் அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது அப்பாற் செல்லலாகாது. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, இருபது வயது இளம்பெண்ணாக, தமது நாட்டின் இரகசியப் படைக்கு ஒற்றராயிருந்து, நாசிக் காவலரிடம் அகப்பட்டுச் சிறைப்பட்டவர் அவர். யுத்தம் முடிந்தபின் மருத்துவம் பயின்று, முதியோர் மருத்துவத்திற் பேராசிரியரானார். மருந்தினால் மாத்திரம் தீராத ஏதோ ஒன்றைத் தம் நோயாளரிடம் அவர் கண்டிருத்தல் வேண்டும்; இல்லையேல், மருத்துவர் ஒருவர் பல்கலைக்கழகம் கட்டப் புறப்படுவானேன்?

இதுவரை சொல்லியவையெல்லாம் பெரும்பாலும் ஒரே அமைப்பின. கற்பிப்பவர் பேராசிரியர், கேட்பவர் முதியோர். நல்லதுதான். ஆனால், இங்கேயும் முதியவர் வாங்குபவராகவே இருக்கின்றார். அவரிடமுள்ளதை எவரும் கேட்கவில்லை. இவ்வமைப்பை அடியோடு புரட்டிப்போட்டவர்கள் பிரித்தானியர்.

கேம்பிரிட்ஜிலே பீற்றர் லாஸ்லெற் என்றொரு வரலாற்றாசிரியர் இருந்தார். அரசர்களின் வரலாற்றை விட்டுச் சாதாரண மக்களின் வரலாற்றை எழுதியவர். தேவாலயங்களிற் காக்கப்பட்ட பிறப்பு, விவாக, மரணப் பதிவேடுகளை எண்ணி எண்ணிப் பழைய இங்கிலாந்தின் குடும்ப வாழ்வை ஆராய்ந்தவர். அவ்வாறு எண்ணியவருக்கு ஓர் உண்மை தெளிவாகப் புலப்பட்டது. மக்களிற் பெரும்பாலோர் வேலை ஓய்ந்த பின்னும் திடகாத்திரமாகப் பல்லாண்டு வாழ்வது மனித வரலாற்றில் முன்னொருபோதும் நிகழாத புதுமை என்பதே அது. ஆகவே வாழ்க்கையை அவர் நான்காக வகுத்தார். முதலாவது, பிறரைச் சார்ந்து வளர்ந்து கற்கும் பருவம். இரண்டாவது, உழைத்துக் குடும்பம் தாங்கும் பருவம். மூன்றாவது, கடமைகள் பெரும்பாலும் தீர்ந்து, தான் விரும்பியதைச் செய்து நிறைவெய்தும் பருவம். நான்காவது, தளர்ந்து மீண்டும் பிறரைச் சாரும் பருவம். மூன்றையும் நான்கையும் ஒன்றாக எண்ணி, அறுபது கடந்தவர் யாவரையும் நோயாளராக நடத்துவது பெருந்தவறு என்பது அவர் கொள்கை.

பிரமசரியம், கிருகத்தம், வானப்பிரத்தம், சந்நியாசம் என்னும் நால்வகை நிலைகளை அறிந்தவர்க்கு இப்பகுப்பு முற்றிலும் புதிதாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. வானப்பிரத்தன் ஊரை விட்டுக் காட்டுக்குச் செல்பவன். லாஸ்லெற் கூறும் மூன்றாம் பருவத்தினரோ ஊருக்குள்ளேயே இருப்பவர். ஊருக்கு வேண்டியவராக இருப்பவர்.

லாஸ்லெற்றும், சமூகவியலாளராகிய மைக்கல் யங்கும், முதியோர் நலக் கொள்கைகளை ஆராயும் நிலையம் ஒன்றின் தலைவரான எரிக் மிட்வின்ரரும் ஒன்றுசேர்ந்து, 1981 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலே கூட்டம் கூட்டினர். அடுத்த ஆண்டில் இயக்கம் நாடு தழுவியதாயிற்று. இதற்கு அரசாங்கத்தின் பணமும் பல்கலைக்கழகத்தின் கட்டடமும் ஆதாரமாகவில்லை. கற்பிப்பவரும் கற்பவரும் வேறல்லர், உறுப்பினரே ஒருவருக்கொருவர் ஆசிரியர் என்னும் விதியை லாஸ்லெற் வகுத்தார். சம்பளம் பெறும் ஆசிரியரும் இல்லை, பட்டமும் இல்லை. பரீட்சையும் பட்டமும் இல்லாத ஒன்றைப் பல்கலைக்கழகம் என்று எவ்வாறு அழைக்கலாம் என்று வினவியோர் பலர். இடைக்கால ஐரோப்பாவிலே அச்சொல்லுக்கு மூலமான இலத்தீன் பதம் கட்டடத்தையோ பட்டத்தையோ குறிக்கவில்லை; ஒன்றுகூடிய மனிதர் கூட்டத்தையே குறித்தது. இத்தாலியின் பொலோஞாவில் மாணவர்கள் தாமே கூட்டுச் சேர்ந்து ஆசிரியரை அமர்த்திக்கொண்டனர். ஆகவே முதியோர் அப்பெயரைச் சூடிக்கொண்டது அத்துணைப் பிழையன்று.

ஓர் ஊரிலே இது நடைபெறும் முறை மிக எளியது. உறுப்பினர் ஆண்டுக்கொரு சிறு சந்தா செலுத்துவர். கற்க விரும்பும் பொருளைப் பற்றிச் சிலர் சேர்ந்து ஒரு குழுவாவர். அவர்களுள் ஒருவர் அமைப்பாளர். அவர் அப்பொருளில் வல்லவராயிருத்தல் வேண்டுமென்பதில்லை; நாளும் இடமும் குறித்து எல்லாரையும் கூட்டுபவராயிருந்தாற் போதும். ஒருவர் வீட்டுக் கூடத்திலோ பொதுமண்டபத்திலோ கூடுவர். பிரெஞ்சு மொழி பேசிப் பழகும் குழு ஒன்றிருக்கும். பாறைகளை ஆராயும் குழு ஒன்றிருக்கும். பறவைகளை நோக்கி வயல்வெளியில் நடப்போர் ஒருசாரார், சேர்ந்து பாடுவோர் ஒருசாரார், சீட்டு விளையாட்டைச் சாத்திரமாகப் பயில்வோர் ஒருசாரார். திங்கட்கிழமை வரலாறு சொல்லிக் கொடுத்த இளைப்பாறிய அதிகாரி, வியாழக்கிழமை தையற்காரி ஒருத்தியின் முன் ஊசியிலே நூல் கோக்கத் தெரியாமல் விழித்திருப்பார். உத்தியோக காலத்துப் பெரிது சிறிதெல்லாம் அங்கே தாமாகக் கரைந்துவிடுகின்றன. அரும்பொருட்சாலைகளோடு கூடி, அவற்றின் பழம்பொருள்களையும் ஏடுகளையும் ஆராய்ந்து விவரம் எழுதிக் கொடுக்கும் குழுக்களும் உள்ளன. இன்று பிரித்தானியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிளைகளும் ஏறத்தாழ நான்கு இலட்சம் உறுப்பினரும் உளர். அவுஸ்திரேலியாவில் மெல்பேண் நகரில் 1984 ஆம் ஆண்டு முதற்கிளை தொடங்கிற்று. சீனாவிலோ, 1983 ஆம் ஆண்டில் ஷான்டோங் மாகாணத்தில் முதியோர் பல்கலைக்கழகம் ஒன்று தோன்றியபின், அரசாங்கத்தின் ஆதரவோடு அவை பல்கிப் பெருகின.

வயது முதிர்ந்தபின் மூளையிற் புதியது ஏறுமா என்ற ஐயம் நேயர்களிற் பலருக்கு எழலாம். தோண்டைக் என்னும் அமெரிக்க உளவியலாளர் வளர்ந்தோர் கல்வி பற்றி 1928 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, இளமை கழிந்தபின் கற்கும் ஆற்றல் குறைவது ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிலேயே என்று காட்டினார். அக்காலத்து மக்களுக்கு அது வியப்பாயிருந்தது. 1956 ஆம் ஆண்டில் வோர்ணர் ஷாய் என்பவர் சியாற்றில் நகரத்து மக்களை ஏழாண்டுக்கொரு முறை மீண்டும் மீண்டும் சோதிக்கும் நெடிய ஆராய்ச்சியொன்றைத் தொடங்கினார். அதனால் அறியப்பட்டது யாதெனில், ஆற்றல்கள் யாவும் ஒருங்கே தளர்வதில்லை என்பதாம். விரைவு முதலிற் குறைகின்றது. சொல்லறிவும் சொற்பொருள் உணரும் திறனும் நெடுங்காலம் நின்று நிலைக்கின்றன. பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு மணி நேரத்திற் கற்பதற்கு முதியவருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். அதனாலென்ன? அவருக்குத்தான் நேரம் உண்டே. விரைவாக எழுதுவோரை மெச்சும் பரீட்சையைக் கல்வியிலிருந்து நீக்கிவிட்டால், முதியவரின் குறையிற் பெரும்பகுதி தானே மறைந்துவிடுகின்றது.

இவ்வியக்கத்திற் குறையே இல்லையென்று சொல்வதற்கில்லை. அதில் வந்து சேர்வோர் பெரும்பாலும் முன்னரே படித்தவர், வசதியுள்ளவர், ஆசிரியராயிருந்தவர். கூலிவேலை செய்து களைத்தவர் 'பல்கலைக்கழகம்' என்ற பெயரைக் கேட்டவுடனே ஒதுங்கிவிடுகின்றார். பெண்கள் மிகுதியாக வருகின்றனர், ஆண்கள் தயங்குகின்றனர். தெரியாது என்று பலர் முன் ஒப்புக்கொள்வது ஆண்மகனுக்கு அத்துணை எளிதன்று. இதற்கு அவுஸ்திரேலியர் கண்ட உபாயம் இரசிக்கத்தக்கது. 1990 ஆம் ஆண்டுகளில் அவர்கள் 'ஆண்கள் கொட்டில்' என்னும் பட்டறைகளை அமைக்கத் தலைப்பட்டனர். அங்கே வாளும் உளியும் இழைப்புளியும் இருக்கும். உடைந்த விளையாட்டுப் பொருள்களைத் திருத்துவர். ஊர்ப் பூங்காவுக்கு வாங்கு செய்வர். இருவர் ஒரே பலகையைப் பிடித்து வேலை செய்கையில், மனைவியை இழந்த துயரமும் நெஞ்சுவலியும் மெல்ல மெல்லப் பேச்சில் வெளிப்படும். ஆண்கள் முகத்தோடு முகம் பார்த்துப் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்றால் பேசுவார்கள் என்று அங்குள்ளோர் கூறுவதுண்டு.

இலங்கையின் நிலை யாது? 1981 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி இந்நாட்டு மக்களில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012 ஆம் ஆண்டில் அது 12.4 ஆயிற்று. ஏறக்குறைய இருமடங்கு, அதன் பின்னரும் ஏறியே வருகின்றது. 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வழங்கப்பட்டபொழுது முதன்முதலாகப் பாலர் வகுப்பில் அடியெடுத்து வைத்த பிள்ளைகள் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அப்பிள்ளைகளுள் எத்தனையோ பெண்கள், பருவமெய்தியதும் பள்ளியை விட்டு மறிக்கப்பட்டவர்கள். அவர்களுடைய படிப்பு முடியவில்லை, நிறுத்தப்பட்டது. 'எனக்கு ஐந்தாம் வகுப்பு' என்று நாணத்தோடு சொல்லும் மூதாட்டியர் ஒவ்வோர் ஊரிலும் உளர்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முதியோருக்கான தேசிய சபை நிறுவப்பட்டது. கிராமந்தோறும் முதியோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. அவை நற்பணி பல செய்கின்றன. மருத்துவ முகாம், கண்ணாடி வழங்கல், தலயாத்திரை ஆகியவை வேண்டியவையே. ஆனால் ஒக்டோபர் முதலாந் திகதி முதியோர் தினத்தன்று மாலையிட்டு, மேடையில் இருத்தி, உணவுப் பொதியும் துவாயும் கொடுத்து, நாலு பேர் புகழ்ந்து பேசி வீட்டுக்கு அனுப்பிவைத்தலே முதியோர் பணி என்று எண்ணுவோரும் உளர். அன்றைக்கு மேடையில் இருந்த முதியவர் ஒருவரேனும் ஒரு வார்த்தை பேசினாரா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. பேசியவர் யாவரும் இளையவர்.

இத்தனைக்கும், முதியோர் கற்றலும் கற்பித்தலும் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. கோயில்களிலே கந்தபுராணப் படிப்பு மாதக்கணக்காக நடைபெற்று வந்தது. ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். படித்தவரும் பயன் சொன்னவரும் பெரும்பாலும் ஊரிலுள்ள கமக்காரர், கடைக்காரர், சட்டம்பியார் முதலியோரே. பயன் சொல்லுபவர் தடுமாறினால் தூணோடு சாய்ந்திருக்கும் கிழவர் ஒருவர் திருத்துவார், வாதம் எழும், இலக்கணம் பிறக்கும். எழுத்தறியாத மூதாட்டியரும் ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டே சூரபன்மன் வதைப் படலத்தை அறிந்திருந்தனர். பட்டமும் சந்தாவும் இல்லாத அச்சபை லாஸ்லெற்றின் விதியை முன்னமே கைக்கொண்டிருந்தது. சிற்சில கோயில்களில் இன்றும் அது நடைபெறுகின்றது. மற்றை ஊர்களில் ஒலிபெருக்கி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒலிபெருக்கியோடு வாதஞ்செய்ய எவராலும் இயலாது.

புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் மதிய வேளையிலே வெறுமையாகக் கிடக்கின்றன. மதிய உணவுக்குப் பின், கோயில் மாலைப் பூசைக்கு முன், அதாவது மூன்று மணி தொடக்கம் ஐந்து மணி வரை, முதியோருக்கு உகந்த காலம். இருட்டிய பின் கூட்டம் வைத்தால் கண்பார்வை குறைந்தவர்கள் வரமாட்டார்கள். முதுகு சாய்வுள்ள கதிரை வேண்டும். எழுதுவதைப் பெரிதாக எழுதல் வேண்டும். காது மந்தமானவர் முன்வரிசையில் அமரட்டும். கைத்தொலைபேசியில் வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசக் கற்பிக்கும் வகுப்பென்றால் முதல் நாளே ஆட்கள் சேர்வார்கள். அதிலிருந்து தொடங்குவதில் இழுக்கில்லை. பத்திரம் எழுதும் முறை, மூலிகை, ஊர்ப்பெயர் வரலாறு, சிங்களப் பேச்சு, பழைய பாட்டு ஆகியவை பின்னர் ஒவ்வொன்றாக வரும். ஊர்ப் பாடசாலையின் உடைந்த மேசைகளைக் கேட்டு வாங்கி மாமரத்தடியில் வைத்தால், சபைக்கு வராத ஆண்கள் உளியோடு வருவர். நடக்க இயலாது படுக்கையில் இருப்போருக்கு வானொலி உண்டு. அவ்வாரத்துப் பேச்சொன்றைக் கேட்டு, பார்க்க வரும் இருவரோடு அதைப்பற்றி உரையாடுவதும் ஒரு வகுப்பே.

சங்கத்தில் சேர்பவரிடம் நிரப்பக் கொடுக்கும் தாளில் இரண்டு பத்திகள் இருக்கட்டும்: எதைக் கற்க விரும்புகின்றீர்கள், எதைக் கற்பிப்பீர்கள். முதலாவதை எல்லாரும் நிரப்புவர். இரண்டாவதை, சிறப்பாகப் பெண்கள், வெறுமையாக விட்டுவிடுவர். 'எனக்கு என்ன தெரியும், தம்பி?' என்பதே விடையாக இருக்கும். அத்தாளை அப்படியே கோவையிற் கட்டிவிடலாகாது. அமைப்பாளர் ஒருநாள் அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் இருந்து, அவர் தரும் தேநீரைக் குடித்தபடி சுற்றிலும் நோக்க வேண்டும். பாதி இழைத்த பனையோலைப் பெட்டி ஒரு மூலையிற் கிடக்கும். முற்றத்திலே வேறெங்கும் காணாத ஓர் இனக் கத்தரி காய்த்திருக்கும். பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்த கதை பாதியில் நின்றிருக்கும். இரண்டாவது பத்தியை அங்கேயே, அவர் முன்னிலையிலேயே எழுதிவிடலாம்.